விடை முன்பே தெரியாத ஆய்வகம்

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 பாடத்திட்டப்படி கணினிப் பொறியியல் படித்தவர்களுக்கு ஐந்தாம் செமஸ்டரில் நெட்வொர்க் ஆய்வகம் உண்டு. அதன் பயிற்சிப் பட்டியல் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். டி.சி.பி.டம்ப், நெட்ஸ்டாட், டிரேஸ்ரூட் போன்ற கட்டளைகளைப் பழகுவது, சாக்கெட் வழியாக ஒரு வலைப்பக்கத்தை இறக்குவது, எக்கோ, சாட், கோப்புப் பரிமாற்றம், யு.டி.பி. சாக்கெட்டை வைத்து டி.என்.எஸ். போல நடிக்கும் நிரல், ஏ.ஆர்.பி., ஆர்.ஏ.ஆர்.பி. நிரல்கள், சிமுலேட்டரில் நெரிசல் கட்டுப்பாடு, டிஸ்டன்ஸ் வெக்டர், லிங்க் ஸ்டேட் என்னும் இரண்டு ரவுட்டிங் முறைகள், பிழை கண்டறியும் சி.ஆர்.சி. மாணவருக்கு இது ரெக்கார்டு நோட்டில் ஏற வேண்டிய வரிசை, அவ்வளவுதான். வரலாற்றுக் கண்ணோடு பார்த்தால் ஒவ்வொரு வரியும் ஒவ்வொரு காலத்தில் படிந்தது என்பது தெரியும். சி.ஆர்.சி. 1961இல் வெஸ்லி பீட்டர்சன் வகுத்தது. சாக்கெட் 1983இல் பெர்க்லி யூனிக்ஸோடு பரவியது. ஆர்.ஏ.ஆர்.பி. 1984இல் எழுதப்பட்டு, மறுவருடமே அதற்கு மாற்று வந்து, 1993இல் டி.எச்.சி.பி. வந்தபின் வழக்கொழிந்துபோனது, பாடத்திட்டத்துக்கு மட்டும் அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. இந்தப் பட்டியலின் முக்கியமான வரிகளைத் தோண்டினால் அடியில் ஒரு பழுது இருக்கிறது. எங்கோ ஒரு நெட்வொர்க் நின்றது, அல்லது நிற்கும் நிலைக்கு வந்தது. அதைச் சரிசெய்ய ஒரு நுட்பம் பிறந்தது. அந்த நுட்பம் பின்னாளில் பாடமானது. பாடமாக்கியவர்கள் மருந்தை எடுத்துக்கொண்டு நோயை விட்டுவிட்டார்கள். இளநிலை மாணவர்களுக்கு நெட்வொர்க்கைக் கைப்படச் செய்யவைத்துக் கற்பிக்கும் முயற்சியின் வரலாறு, பழுது வகுப்பறைக்கு வெளியே போனதும் மெல்ல மெல்ல உள்ளே திரும்பியதுமான வரலாறு என்பதே என் வாதம்.

முதலில் பாடமே இல்லாமல் படித்தவர்கள் இருந்தார்கள். 1969 ஏப்ரலில், நெட்வொர்க் நெறிமுறைகளை விவரிக்கும் ஆர்.எஃப்.சி. வரிசையின் முதல் ஆவணத்தை எழுதிய ஸ்டீவ் கிராக்கர் அப்போது லாஸ் ஏஞ்சலிஸில் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி மாணவர். விண்ட் செர்ஃப், ஜான் போஸ்டல் ஆகியோரும் அதே இடத்து மாணவர்கள்தான். அவ்வருடம் அக்டோபர் 29 அன்று அங்கிருந்து ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்துக்கு, இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட்டின் முதல் செய்தியை அனுப்பியவர் சார்லி கிளைன் என்ற மாணவர். உள்நுழைவதற்கான ‘லாகின்’ என்ற சொல்லின் முதல் இரண்டு எழுத்துகள் போனதும் எதிர்ப்புறக் கணினி விழுந்துவிட்டது. சரிசெய்து மறுபடி அனுப்பினார்கள். இதை வேடிக்கையாகச் சொல்வது வழக்கம். ஆனால் கல்வி வரலாற்றில் இதற்கு ஒரு கனமான இடம் உண்டு. விழுந்த கணினியும் அனுப்பிய கணினியும் வேறு வேறு இடத்தில், வேறு வேறு ஆட்களின் பொறுப்பில் இருந்தன. தன் நிரலில் பிழை இருந்தால் தானே திருத்திக்கொள்ளலாம். அடுத்தவர் கணினியில் பிழை என்றால் தொலைபேசியில் பேசி, ஒத்துக்கொண்டு, இருவரும் சேர்ந்து திருத்த வேண்டும். நெட்வொர்க் பாடத்தை மற்ற கணினிப் பாடங்களிலிருந்து பிரிப்பது இந்த ஒரு விஷயம்தான். ஒரு கம்பைலரையோ தரவுத்தளத்தையோ தனி ஒருவர் முழுக்கத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு கற்க முடியும். நெட்வொர்க்கில் பாதி எப்போதும் வேறொருவரிடம் இருக்கிறது.

ரவுட்டிங் வரியை எடுத்துக்கொள்வோம். ஆர்பாநெட் தொடங்கியபோது ஒவ்வொரு கணுவும் அக்கம்பக்கத்தாரிடம் கேட்டுத் தூரத்தைக் கணக்கிடும் டிஸ்டன்ஸ் வெக்டர் முறையைத்தான் பயன்படுத்தியது. ஓர் இணைப்பு அறுந்தால் அந்தச் செய்தி மெதுவாகப் பரவும். அதற்குள் பாக்கெட்டுகள் இரண்டு கணுக்களுக்கிடையே சுற்றிச் சுற்றி வரும். இதனால் 1979இல் லிங்க் ஸ்டேட் முறைக்கு மாறினார்கள்: ஒவ்வொரு கணுவும் தன் இணைப்புகளின் நிலையை வரிசை எண்ணோடு எல்லோருக்கும் அறிவிக்கும், புதிய எண் வந்தால் பழையதைத் தள்ளிவிட வேண்டும். எண் 63ஐத் தாண்டினால் மறுபடி 0 என்பதால், எது புதிது என்பதை வட்டமாக ஒப்பிட்டார்கள். 1980 அக்டோபர் 27 அன்று ஒரு கணுவின் நினைவகத்தில் சில பிட்டுகள் உதிர்ந்தன. ஒரே அறிவிப்பு 44, 40, 8 என்ற மூன்று எண்களோடு உலவத் தொடங்கியது. வட்ட ஒப்பீட்டில் 40ஐவிட 44 புதிது, 8ஐவிட 40 புதிது, 44ஐவிட 8 புதிது. மூன்றும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு நெட்வொர்க் முழுவதையும் நிரப்பின. ஆர்பாநெட் மணிக்கணக்கில் செயலிழந்தது. கம்பியில் போகும் பாக்கெட்டுக்குப் பிழை கண்டறியும் காப்பு இருந்தது. நினைவகத்தில் கிடக்கும் பாக்கெட்டுக்கு இல்லை. எரிக் ரோசன் இதை விவரமாக எழுதிய அறிக்கை 789ஆம் ஆர்.எஃப்.சி.யாக இன்றும் யாரும் படிக்கக் கிடைக்கிறது. இப்போது நம் ஆய்வகப் பட்டியலைப் பாருங்கள். சி.ஆர்.சி. ஒரு வரி, லிங்க் ஸ்டேட் இன்னொரு வரி. முதலாவதில் மாணவர் பல்லுறுப்புக்கோவை வகுத்தலை சி மொழியில் எழுதுகிறார். இரண்டாவதில் டைக்ஸ்ட்ராவின் வழிமுறையை ஓர் அணியின் மீது ஓட்டுகிறார். இரண்டும் சரியான விடை தரும். சி.ஆர்.சி. எதைக் காக்காது, வரிசை எண் எங்கே ஏமாறும் என்ற, உண்மையில் கற்க வேண்டிய இரண்டு செய்திகளும் அந்த இரண்டு நிரல்களுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தில் விழுந்துவிடுகின்றன.

நெரிசல் கட்டுப்பாட்டின் கதை இதைவிடப் பெயர்பெற்றது. 1986 அக்டோபரில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே தரவு வேகம் நொடிக்கு 32 கிலோபிட்டிலிருந்து வெறும் 40 பிட்டுக்குச் சரிந்தது. இரண்டு இடங்களுக்கும் இடையே தூரம் 400 கெஜம். நடந்தே போய்க் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். அந்த ஆய்வகத்தின் வேன் ஜேக்கப்சன் இது ஏன் என்று தேடப்போனார். பாக்கெட் தொலைந்தால் மறுபடி அனுப்புவது டி.சி.பி.யின் இயல்பு. நெரிசலால் தொலைந்ததையும் எல்லோரும் மறுபடி மறுபடி அனுப்ப, நெரிசல் முற்றி, போய்ச் சேர்வது ஏதும் இல்லாமல் ஆகிவிட்டது. மைக் கேரல்ஸோடு சேர்ந்து அவர் பெர்க்லி யூனிக்ஸின் டி.சி.பி.யில் புகுத்திய திருத்தங்களை 1988இல் கட்டுரையாக வெளியிட்டார். மெதுவாகத் தொடங்கு, தொலைந்தால் பின்வாங்கு என்று இன்று எல்லாப் பாடநூல்களிலும் இருப்பது அதுதான். இதில் ஆய்வக வரலாற்றுக்கு வேண்டிய பகுதி, அவர் கண்டுபிடித்த தீர்வைவிட அவர் தேடிய விதம். எந்த நிரலையும் குறை சொல்வதற்கு முன் கம்பியில் என்ன போகிறது என்று பாக்கெட் பாக்கெட்டாக, நேரக் குறிப்போடு பார்க்க வேண்டியிருந்தது. அந்தத் தேவையின் சூழலில்தான் அதே ஆய்வகத்தில் டி.சி.பி.டம்ப் உருவானது. டிரேஸ்ரூட்டும் ஜேக்கப்சனின் கைவேலைதான். அதற்குச் சில ஆண்டுகள் முன்னால், 1983 டிசம்பரில், அமெரிக்க ராணுவ ஆய்வகம் ஒன்றில் மைக் மூஸ் சரியாக வேலை செய்யாத நெட்வொர்க்கைச் சோதிக்க அவசரமாக எழுதியது பிங். பட்டியலின் முதல் வரியில் பழகச் சொல்லும் கட்டளைகள் பல இப்படி ஒரு குழப்பத்துக்கு நடுவே எழுதப்பட்டவை. நன்றாக ஓடும் ஓர் ஆய்வக லேனில் அவற்றை அடித்து, திரையில் வந்ததை நோட்டில் ஒட்டும்போது, எதைத் தேடிப் பிறந்த கருவி அது என்பதை அறியும் வாய்ப்பே மாணவருக்கு இல்லை.

ஓடும் நெட்வொர்க்கை உள்ளபடி காட்டும் வழியைப் பாடநூல்களுக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ரிச்சர்ட் ஸ்டீவன்ஸ். 1981இல் வந்த டானன்பாமின் நூலும் அதை ஒட்டி வந்தவையும் அடுக்கு அடுக்காக நெட்வொர்க்கை விளக்கின. ஏழு அடுக்கு மாதிரி 1984இல் சர்வதேசத் தரமாயிற்று. உலகம் அதன்படி கட்டப்படாவிட்டாலும் கேள்வித்தாள்கள் அதன்படி கட்டப்பட்டன. 1990களின் முதல் பாதியில் வெளிவந்த ஸ்டீவன்ஸின் டி.சி.பி./ஐ.பி. நூல் வேறு வழியில் போனது. வெவ்வேறு நிறுவனங்களின் யூனிக்ஸ் ஓடும் சில கணினிகளை இணைத்து ஒரு சிறிய நெட்வொர்க்கை அமைத்தார். அதன் படத்தை அட்டையின் உட்பக்கத்திலேயே அச்சிட்டார். ஒவ்வொரு நெறிமுறையையும் விளக்க அந்த நெட்வொர்க்கில் டி.சி.பி.டம்ப் பதிவு செய்ததை எடுத்துவைத்தார். ஒரே நெறிமுறையை ஒரு கணினி ஒருவிதமாகவும் இன்னொன்று வேறுவிதமாகவும் நடத்துவதையும், சிலவற்றில் பிழையே இருப்பதையும் மறைக்காமல் காட்டினார். நெறிமுறை என்பது ஆவணத்தில் இருப்பது. நெட்வொர்க்கில் இருப்பதோ அந்த ஆவணத்தைப் பலர் பலவிதமாகப் புரிந்துகொண்டதன் விளைவு. இதை ஒரு மாணவருக்குச் சொல்லி விளங்கவைக்க முடியாது, காட்டத்தான் முடியும். 1998இல் ஜெரால்டு கோம்ஸ் வெளியிட்ட ஈதரியல், பிறகு 2006இல் வயர்ஷார்க் எனப் பெயர் மாறியது. அது இந்த முறையை வண்ணத் திரைக்குக் கொண்டுவந்தது. குரோஸும் ராஸும் எழுதிய, இன்று பரவலாகப் பயன்படும் பாடநூல் தன் செய்முறைப் பயிற்சிகளை இதன்மீதே கட்டியிருக்கிறது.

இந்தியாவுக்கு நெட்வொர்க் கல்வி எப்படி வந்தது என்பதில்தான் நம் பட்டியலின் வடிவத்துக்கான விளக்கம் இருக்கிறது. கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களை இணைக்கும் எர்நெட் திட்டம் 1986இல் மத்திய மின்னணுவியல் துறையால், ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு தொடங்கியது. சென்னை உட்பட ஐந்து ஐ.ஐ.டி.கள், பெங்களூரின் இந்திய அறிவியல் கழகம், பம்பாயின் தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம், மின்னணுவியல் துறை ஆகிய எட்டு இடங்கள் அதில் இருந்தன. பம்பாய் மையத்தை நடத்திய ஸ்ரீனிவாசன் ரமணியின் பெயர் 2014இல் இணையப் புகழரங்கில் சேர்க்கப்பட்டது. அந்த எட்டு வளாகங்களில் இருந்தவர்கள் ஆர்பாநெட் தலைமுறை கற்றதைப்போலவே கற்றார்கள்: தொலைபேசிக் கம்பியின் இரைச்சல், அறுந்துபோகும் மோடம் இணைப்பு, எதிர்முனையில் பதில் சொல்லாத கணினி. ஆனால் தமிழ்நாட்டில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் 1984 முதல் பெருகத் தொடங்கிவிட்டன. பொதுமக்களுக்கு இணையச் சேவையை வி.எஸ்.என்.எல். திறந்ததோ 1995 ஆகஸ்ட் 15 அன்று. நடுவிலிருந்த அந்தப் பத்தாண்டில் பெரும்பாலான கல்லூரிகளுக்கு நெட்வொர்க் என்பது நெட்வொர்க் இல்லாமலே நடத்த வேண்டிய பாடம். தனித்தனிக் கணினியில் சி கம்பைலர் இருந்தது. அதில் எழுதக்கூடியதெல்லாம் ஆய்வகப் பயிற்சியாயிற்று. சி.ஆர்.சி., டைக்ஸ்ட்ரா, ஸ்டாப் அண்ட் வெயிட் எல்லாம் ஒரே கணினியில் ஓடும். அன்றைய நிலையில் அது கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு என்றுதான் சொல்ல வேண்டும். தவறு அப்போது நடக்கவில்லை. எல்லாக் கணினியும் கம்பியால் இணைந்தபின்னும் அந்த ஏற்பாடே இலக்கணமாக நின்றுவிட்டதில் நடந்தது.

டி.என்.எஸ். பயிற்சி இதற்கு நல்ல சான்று. மாணவர் எழுதும் நிரலில் சில பெயர்களும் அவற்றுக்கான முகவரிகளும் ஓர் அட்டவணையாக இருக்கும். ஒரு பக்கம் பெயரைக் கேட்கும், மறுபக்கம் அட்டவணையைப் பார்த்து முகவரியைச் சொல்லும். இது டி.என்.எஸ். போல நடிப்பதாகப் பாடத்திட்டம் சொல்கிறது. உண்மையில் இது டி.என்.எஸ்.ஸுக்கு முந்தியது. ஆர்பாநெட்டின் எல்லாப் பெயர்களும் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் ஒரே கோப்பில் இருந்தன. மற்றவர்கள் அதை அவ்வப்போது நகலெடுத்துக்கொண்டார்கள். கணினிகள் பெருக அந்தக் கோப்பு தாங்காமல்போனதால்தான் 1983இல் பால் மோக்கபெட்ரிஸ், யாருக்கும் முழு அட்டவணையும் தெரிய வேண்டியதில்லை என்ற முறையை வகுத்தார். அதிகாரத்தைக் கிளை கிளையாகப் பிரித்துக்கொடுப்பது, கிடைத்த விடையைக் குறித்த நேரம் வரை நினைவில் வைப்பது, அந்த நேரத்துக்குள் உண்மை மாறிவிட்டால் பழைய பொய்யைச் சொல்வது ஆகிய மூன்றும்தான் டி.என்.எஸ். மூன்றும் அந்தப் பயிற்சியில் இல்லை. இத்தனைக்கும் அதே கணினியில் ‘டிக்’ என்ற ஒரு கட்டளையை அதன் ‘டிரேஸ்’ தேர்வோடு அடித்தால் வேர்ச் சேவையகத்திலிருந்து படிப்படியாக நிஜமான விடை வந்து நிற்கும்.

சிமுலேட்டர் இந்த இடைவெளியை நிரப்பும் என்றுதான் 1990களின் கடைசியிலிருந்து எதிர்பார்த்தார்கள். அதைக் குறைத்து மதிப்பிடக்கூடாது. ஸ்ரீனிவாசன் கேசவ் 1980களின் இறுதியில் எழுதிய ரியல் என்ற சிமுலேட்டரின் வழியில் வந்தது என்.எஸ். பெர்க்லி, லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம், ஜெராக்ஸ் பார்க், தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிறுவனம் ஆகியவை சேர்ந்து அதை வளர்த்தன. டி.சி.பி.யின் டாஹோ, ரீனோ, சாக் வடிவங்களை 1996இல் கெவின் ஃபாலும் சாலி ஃபிளாய்டும் ஒப்பிட்டுக் காட்டியது இதைக் கொண்டே. நூற்றுக்கணக்கான கணுக்களை ஒரே கணினியில் அமைப்பதும், ஒரே சோதனையை இம்மி பிசகாமல் திரும்பச் செய்வதும் நிஜ நெட்வொர்க்கில் முடியாத காரியங்கள். ஆனால் அதை உருவாக்கியவர்கள் அதன் எல்லையையும் வெளிப்படையாகச் சொன்னார்கள். என்.எஸ்-2இன் கையேடே, அதன் வழக்கமான ஒருவழி டி.சி.பி. முகவர்கள் இணைப்பைத் தொடங்குவதும் முடிப்பதுமான கைகுலுக்கலைச் செய்வதில்லை, உண்மையான தரவு எதையும் கொண்டுபோவதில்லை என்று எழுதியிருக்கிறது. இணையத்தை எப்படி சிமுலேட் செய்வது என்பது நமக்கு ஏன் தெரியவில்லை என்று 1997இல் ஒரு மாநாட்டுக் கட்டுரைக்குத் தலைப்பே வைத்தவர்கள் வெர்ன் பாக்சனும் அதே சாலி ஃபிளாய்டும். ஆராய்ச்சியாளர் இந்த எச்சரிக்கையோடு கருவியைத் தொடுவார். இளநிலை மாணவருக்கு அந்த எச்சரிக்கை வந்து சேர்வதில்லை. சேர்வது ஆயத்தமான ஒரு டி.சி.எல். நிரலும், அது வரையும் ரம்பப் பல் போன்ற கோடும்தான். என்.எஸ்-2இன் கடைசி வெளியீடு 2011இல் வந்தது. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே என்.எஸ்-3 வந்துவிட்டது. 2017 பாடத்திட்டத்தில் உதாரணமாகச் சொல்லப்பட்ட மென்பொருள்களில் என்.எஸ்-2தான் முதலில் நிற்கிறது. சிமுலேட்டர் அதை எழுதியவர் நினைத்திராத எதையும் செய்யாது. அதனால் அறுபது மாணவர்களுக்கும் ஒரே கோடு வரும். தேர்வு நடத்துவோருக்கு அது வசதி. ஆய்வகம் என்ற சொல்லுக்கு அது இழுக்கு.

இதே காலத்தில் இன்னொரு பாதையும் திறந்தது. 1993இல் சிஸ்கோவின் பொறியாளர் ஜார்ஜ் வார்டு பள்ளிகளுக்குச் செலவு குறைந்த நெட்வொர்க்குகளை வடிவமைத்துக்கொண்டிருந்தார். நெட்வொர்க்கைப் போட்டுக்கொடுத்தபின் அதைப் பராமரிக்க ஆசிரியர்களுக்கு நேரமும் பயிற்சியும் இல்லை என்பது தெரிந்தது. மாணவர்களுக்கே கற்றுக்கொடுத்துப் பராமரிக்க வைத்தார். அதிலிருந்து 1997 அக்டோபரில் ஏழு மாநிலங்களில் 64 கல்வி நிறுவனங்களோடு சிஸ்கோவின் நெட்வொர்க்கிங் அகாடமி தொடங்கியது. ரவுட்டரைத் திறந்து கட்டளை அடிப்பது, கம்பியின் எட்டு இழைகளை நிற வரிசைப்படி அடுக்கி கிரிம்பிங் டூலால் அழுத்துவது எல்லாம் கல்லூரி ஆய்வகங்களுக்குள் இந்த வழியாகத்தான் பெருமளவில் நுழைந்தன. ஒரு நிறுவனத்தின் கட்டளை மொழியைக் கற்பிப்பது கல்வியா, விற்பனையா என்ற பழைய சண்டையில் இரு தரப்பிலும் நியாயம் உண்டு. என் கணக்கில் அதைவிட முக்கியமானது, இந்தப் பயிற்சியின் ஊற்று ஒரு பராமரிப்புப் பிரச்சினை என்பது. அந்தப் பள்ளி மாணவர்கள் கற்றது உண்மையில் கெட்டுப்போகும் நெட்வொர்க்கில், கெட்டால் வகுப்பு நின்றுவிடும் என்ற கட்டாயத்தில். சான்றிதழாகப் பரவியபோது அந்தக் கட்டாயம் கழன்றுபோய், சிஸ்கோவின் சிமுலேட்டரான பாக்கெட் டிரேசரின் திரையில் முன்கூட்டியே வைக்கப்பட்ட பிழையைக் கண்டுபிடிக்கும் பயிற்சியாகச் சுருங்கியது. அதுவும் பயன் உள்ளதுதான். ஆனால் வைத்தவருக்கு விடை தெரிந்த பிழை புதிரே தவிர பழுது ஆகாது.

பழுது வகுப்பறைக்குத் திரும்பிய வழி லினக்ஸ் கெர்னலின் ஒரு வசதி. ஒரே கணினிக்குள் ஒன்றையொன்று அறியாத பல நெட்வொர்க் அடுக்குகளை ஓடவிடலாம் என்று ஆனபின், 2010இல் லான்ட்ஸ், ஹெல்லர், மெக்கியோன் மூவரும் மினிநெட்டை வெளியிட்டார்கள். கட்டுரையின் தலைப்பே மடிக்கணினிக்குள் ஒரு நெட்வொர்க் என்று சொன்னது. ரோமில் நெட்கிட் என்ற பெயரில் இதற்கு முன்னோடி ஒன்றும் இருந்தது. சிமுலேட்டரோடு ஒப்பிட்டால் வித்தியாசம் பெரிது: இங்கே ஓடுவது டி.சி.பி. பற்றி யாரோ எழுதிய மாதிரி அல்ல, உலகெங்கும் சேவையகங்களில் ஓடும் அதே டி.சி.பி. ஆகவே அது அங்கே தவறும் விதத்தில் இங்கேயும் தவறும். சூரிக்கின் ஈ.டி.எச். பல்கலைக்கழகம் 2016 முதல் இதை ஒருபடி மேலே கொண்டுபோனது. ஒவ்வொரு மாணவர் குழுவுக்கும் ஒரு தனி நெட்வொர்க். அது தன்னாட்சி உடையது. மற்றக் குழுக்களோடு பி.ஜி.பி. என்ற ரவுட்டிங் நெறிமுறை வழியாக இணைய வேண்டும். யார் யாருக்கு வாடிக்கையாளர், யார் யாருக்குச் சமமான அண்டை என்ற உறவுகளும் உண்டு. எல்லாக் குழுக்களும் சேர்ந்தால் ஒரு குட்டி இணையம். உங்கள் குழுவின் அமைப்பு பிழையற்றதாக இருந்தும், நடுவிலுள்ள குழு தவறான வழியை அறிவித்தால் உங்கள் பாக்கெட் போய்ச் சேராது. 2008 பிப்ரவரியில் பாகிஸ்தான் டெலிகாம் உள்நாட்டில் யூடியூபைத் தடுக்கச் செய்த ஓர் அறிவிப்பு வெளியே கசிந்து, உலகின் பெரும்பகுதியில் யூடியூப் மறைந்துபோனது நினைவிருக்கலாம். அந்த வகைப் பழுதை ஒரு மாணவர் தன் கையாலேயே உண்டாக்கி, பாதிக்கப்பட்ட குழுவோடு பேசித் திருத்துகிறார். 1969இல் சார்லி கிளைனுக்கு வாய்த்த நிலைமை, அடுத்தவர் கணினியோடு சேர்த்துத் திருத்த வேண்டிய நிலைமை, இங்கே பாடமாகவே அமைக்கப்பட்டிருக்கிறது. அந்த மென்பொருளை 2020இல் எல்லோருக்கும் திறந்தும் விட்டார்கள்.

சூரிக்கில் முடிவது நம் ஊரில் முடியுமா என்பது முதல் மறுப்பு. செலவு பற்றியதென்றால் விடை எளிது: மேலே சொன்ன மென்பொருள் எல்லாம் இலவசம், மினிநெட் போன்றவை சாதாரணக் கணினியிலேயே ஓடும், ரவுட்டர் வாங்கிய காலத்தைவிட இது மலிவு. பாக்கெட்டைப் பதிவுசெய்யக் கணினியின் முழு அதிகாரம் வேண்டும், பொது ஆய்வகத்தில் அதை மாணவரிடம் கொடுப்பது ஆபத்து என்பது கொஞ்சம் கனமான மறுப்பு. அந்த அச்சத்துக்கு வரலாறும் உண்டு: 1988 நவம்பரில் ஒரு மாணவர் எழுதிவிட்ட புழு இணையத்தின் கணிசமான பகுதியை முடக்கியது. ஆனால் மெய்நிகர் கணினிக்குள் அடைபட்ட நெட்வொர்க் இதற்குத்தான் விடை. அதற்குள் மாணவர் எஜமானர், வெளியே அவருக்கு எந்த அதிகாரமும் இல்லை. மாணவர் தரம் போதாது என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. சூரத்கல் என்.ஐ.டி.யின் ஒரு குழு எழுதிய எஃப்.க்யூ-பை என்ற வரிசை மேலாண்மை நிரல் 2020இல் லினக்ஸ் 5.6இல் சேர்ந்தது. அதே குழு என்.எஸ்-3க்கும் பங்களித்து வருவதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது என் வாதத்தைத் திருத்துகிறது: சிமுலேட்டரில் தொடங்குவது குறையில்லை, அங்கேயே முடித்துவிடுவதுதான் குறை.

கட்டளைகளும் கருவிகளும் பத்தாண்டில் மாறிவிடும், தத்துவம்தான் நிற்கும். ஆகவே கல்லூரி தத்துவத்தைக் கற்பிக்கட்டும், கைவேலையை நிறுவனம் கற்றுக்கொடுக்கும் என்பது படித்தவர்கள் பலர் சொல்லும் மறுப்பு. கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் எது நிற்கிறது என்று பாருங்கள். ஏழு அடுக்கு மாதிரி கேள்வித்தாளில்தான் நிற்கிறது. ஆர்.ஏ.ஆர்.பி. அங்கேகூட நிற்கக்கூடாது. டி.சி.பி.டம்ப் என்ற வெறும் கைவேலைக் கருவியோ முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக அன்றாடப் பயன்பாட்டில் இருக்கிறது. நெரிசல் கட்டுப்பாட்டுத் தத்துவமும் மேசையிலிருந்து வரவில்லை; 1986இல் வேகம் 40 பிட்டுக்கு விழுந்ததைக் கண்டவர் கண்டெடுத்தது. 2010ஐ ஒட்டி ஜிம் கெட்டிஸ் தன் வீட்டு இணைப்பு விக்குவதைத் துருவிப் பார்த்து, ரவுட்டர்களின் அளவுமீறிய நினைவகமே நெரிசல் கட்டுப்பாட்டை ஏமாற்றுகிறது என்று வெளிக்கொணர்ந்தபோதும் இதுவே நடந்தது. பாக்கெட் தொலைவதையே நெரிசலின் அறிகுறியாகக் கொள்ளும் தத்துவத்தைப் பாடமாகப் படித்த உலகம், தொலையாமல் தேங்கிக் கிடக்கும் பாக்கெட்டைப் பல ஆண்டுகளாகக் கவனிக்கவில்லை. நெட்வொர்க்கில் தத்துவமும் கைவேலையும் இருவேறு அறைகளில் வாழ்ந்ததே இல்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டம் நெட்வொர்க் ஆய்வகத்தைத் தனித் தாளாக வைக்காமல் பாடத்தோடு சேர்த்திருப்பதை அந்த வகையில் நல்ல முடிவு என்று கருதலாம்; ஆனால் பயிற்சிகளில் பெரும்பாலும் பழைய முகங்களே இருக்கின்றன.

கடைசி மறுப்பு மதிப்பெண் பற்றியது, உள்ளபடியே கடினமானதும் அதுதான். நூற்றுக்கணக்கான கல்லூரிகளில், வெளித் தேர்வாளர் வந்து, ஒரே நாளில் முடிக்க வேண்டிய செய்முறைத் தேர்வில், ஒருவருக்கு ஒரு விடையும் இன்னொருவருக்கு வேறு விடையும் வந்தால் எதை வைத்து மதிப்பிடுவது? சூரிக்கில் எந்தக் குழு எந்தக் குழுவை எட்டுகிறது என்பதை ஓர் அட்டவணை ஓயாமல் காட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் அது நெட்வொர்க் ஓடுகிறதா என்று சொல்லுமே தவிர, ஓடாததை மாணவர் எப்படிப் புரிந்துகொண்டார் என்று சொல்லாது. அதற்கு வைவாவே போதும், இப்போது நடப்பதுபோல் வரையறை ஒப்பிக்கும் வைவா அல்ல. நான்கு ரவுட்டர் உள்ள ஒரு மினிநெட் அமைப்பைத் திறந்து, தேர்வாளர் தனக்குத் தோன்றிய ஓர் இணைப்பை அணைக்கலாம். எந்தக் கணினி எதை எட்டும், எத்தனை விநாடி கழித்து, ஏன் என்று முதலில் மாணவர் தன் யூகத்தைச் சொல்லட்டும். பிறகு அங்கேயே ஓட்டிப் பார்க்கட்டும். யூகம் சரியென்றால் காரணம் கேட்கலாம். தவறென்றால், எங்கே தவறியது என்பதைப் பாக்கெட் பதிவிலிருந்து அந்த வரியைச் சுட்டிக் காட்டுபவருக்கு முழு மதிப்பெண் கொடுப்பதை நான் அறிந்த எந்தத் தேர்வு விதியும் தடுக்கவில்லை.